அரேகாவுக்குப் பதில் ஈச்சம் வையுங்கள்

வேலூர் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு,

வணக்கம். நகர் முகப்பில் நீங்கள் வரிசையாக வைக்கும் அரேகா பாம் மடகாஸ்கர் செடி. நம் மே மாத வெயிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை நுனி கருகும். கரம்பிலும் பாறை இடுக்கிலும் ஊற்ற ஆளில்லாமல் நிற்கும் ஈச்சம்புதரை அந்த இடத்துக்குக் கேட்கிறோம்.

மலையடிவாரத்திலிருந்து பெயர்த்து வரவேண்டாம். காப்புக்காட்டில் அது குற்றம். வேர் அறுந்த ஈச்சம் பிழைப்பதும் அரிது. சில மாதம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு நடுக்குருத்து காய்ந்துவிடும்.

விதைதான் வழி. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை மணலோடு தேய்த்துக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். தினமும் தண்ணீர் மாற்றி 2 நாள் ஊறவைத்து, நாற்றுப் பையில் 2 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக ஊன்றுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய எரு 1 போதும். பை மட்டும் ஓரடி ஆழம் இருக்கவேண்டும்: ஈச்சம் விதை குருத்தை மேலே விடுமுன் ஒரு காம்பைக் கீழே இறக்கும், குட்டைப் பையில் வேர் முட்டிச் சுருண்டுவிடும். முளைக்க 1 முதல் 3 மாதம் ஆகலாம். முதலில் வருவது சிறகிலை அல்ல, புல் போன்ற ஒற்றைத் தாள். களை எடுப்பவரிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் நாற்று குப்பைக்குப் போய்விடும்!

இரண்டு வருட நாற்றை ஆடி மழை கண்டதும் 2 அடிக் குழியில் நடலாம். பையில் இருந்த மண்மட்டமே நிலமட்டம். ஆழம் போனால் குருத்தில் மண் சேர்ந்து அழுகும். பச்சைச் சாணம் கூடாது, எருக்குழியும் பக்கத்தில் வேண்டாம். குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு அங்கேதான் முட்டையிடும். முதல் கோடையில் வாரம் இருமுறை 10 லிட்டர், அடுத்த கோடையில் ஒருமுறை. அப்புறம் அதன் பாடு.

இலையடியில் ஊசி முள் உண்டு. நடைபாதையிலிருந்து 5 அடி தள்ளியே வையுங்கள். சறுக்குமரம், ஊஞ்சல் பக்கம் வேண்டவே வேண்டாம். சுற்றுச்சுவர் ஓரம் 6 அடிக்கு ஒன்றாக வைத்தால் ஆடு மாடு நுழையாது. அழகுக்காகப் பச்சை மட்டையைக் கழிக்காதீர்கள், காய்ந்ததை மட்டும் எடுங்கள். குருத்தில் கத்தி பட்டால் அந்தத் தண்டு அவ்வளவுதான்.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பிள்ளைகளுக்கு ஈச்சம்பழம் வேண்டுமென்றால் ஐந்தாறு செடியாவது சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஈச்சம் வளர்ப்போர் சிலர்,
வேலூர்.