ரெண்டரை மணி நேரம்

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சண்டே கிளாஸை விட்டுவிட்டேன். 19 வருடம். வருகைப் பதிவையும் வசன அட்டைகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அது பொய். காரணத்தை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். என் நம்பரை நீ பிளாக் பண்ணி நாலு வருடம் ஆகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். சபையில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அதனால் சிலவற்றைத் தொடாமல் போவேன். எவை என்று உனக்கே புரியும்.

டிசம்பர் 26 வருகிறது. 2004-ல் சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை தண்டையார்பேட்டையில் நாம் எப்படி இருந்தோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எட்டு நாள் கழித்து நடந்ததுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீலக் கலர் அன்னக்கூடை. அந்த வருடம் தண்ணீருக்கு நாம் பட்ட பாட்டில், ஒரு குடம் லாரித் தண்ணீரை அதில் கொட்டி வைத்திருந்தாய். உள்ளே ஒரு செங்கல், செங்கலுக்கு அடியில் உன் பிளாஸ்டிக் ஸ்கேலின் ஒரு முனை. மறுமுனையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

"பாருக்கா, இது மேல இருக்கற பிளேட்டு, பூமியோட பாறத் தட்டு. அடியில போறது இத இழுத்துக்குனே போவுது. எவ்ளோ நாள்தான் தாங்கும்?"

விரலை எடுத்தாய். ஸ்கேல் நிமிர்ந்த வேகத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் காலில் விழுந்தது. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அலை எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் ராஃப் நோட்டைக் காட்டினாய். சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. இங்கே கடல் ஏறியபோது மணி ஒன்பது இருக்கும். நடுவில் சுமார் 2000 கிலோமீட்டர். வகுத்து, மணிக்கு 800 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். "ஏரோப்ளேன் ஸ்பீடுக்கா" என்றாய். பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பையன் போட்ட கணக்கு அது. நான் ப்ளஸ் டூ. சரிபார்த்தேன், தப்பே இல்லை.

அப்போதுதான் கேட்டாய். "ரெண்டரை மணி நேரம் இருந்துதுக்கா. யாருமே சொல்லலியா? அப்போ ஏன் பாவத்துக்குத் தண்டனைன்றாங்க?"

அடிவயிறு சில்லிட்டுப் போனது எனக்கு. நீ சொன்னதில் தப்பு இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நம்மைப் போல வளர்ந்த பிள்ளைகளுக்குச் சந்தேகம் என்பது யோசனையாக வராது, பயமாகத்தான் வரும். அந்த வாரம்தான் லூக்கா 21-ஐ வாசித்துக் கடைசி காலம் என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வந்திருந்தோம். நோட்டை எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். கோள் சொல்வதாக நினைக்கவில்லை. உன் ஆத்துமாவைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். எனக்கும் 17 வயதுதானே.

அப்பா என்ன செய்தார் என்பதை இங்கே எழுத மாட்டேன். அடுத்த ஞாயிறு சபை முன்னால் உன்னை நிறுத்தியதையும் எழுத மாட்டேன். நோட்டு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் அடிவரை தேடினேன். இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் நீ எதையும் கேட்கவில்லை. மார்க் குறைந்தது. பையன் மந்தம் என்றார்கள். தம்பி, நானும் சொன்னேன். மன்னித்துவிடு.

ஆனால் அப்பாவை நீ பேசுகிற மாதிரி என்னால் பேச முடியாது. தாத்தா குடித்தே செத்தவர். துறைமுகத்தில் சம்பள நாளன்று அப்பாவைத் தேடி அம்மா சாராயக்கடை வாசலில் நின்றதை நான் அவள் இடுப்பில் இருந்து பார்த்திருக்கிறேன், நீ அப்போது பிறக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த நாளோடு அது நின்றது. டிவி கூடாது, சினிமா கூடாது, கேள்வி கூடாது என்று அவர் கட்டியதெல்லாம் தனக்கே போட்டுக்கொண்ட வேலி. ஒரு கல்லை எடுத்தாலும் மொத்தமும் சரிந்துவிடும் என்று பயந்தார். அதே ஜனவரியில், அலை அடித்த காசிமேட்டுக்குத் தினமும் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். தோளில் தோல் உரிந்திருந்தது. அது உன் கண்ணில் படவில்லையா? நீ கிளம்பிப் போய்விட்டாய். கடைசி எட்டு மாதம் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் நான்.

சரி. நான் கெட்டிக்காரி என்று நீ நினைத்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். 119-ஆம் சங்கீதம், 176 வசனம், ஒன்பது வயதில் பார்க்காமல் சொன்னேன். எனக்கு வாய்த்த தமிழும் ஞாபகசக்தியும் அங்கிருந்து வந்தவை, அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அதே ஞாபகசக்தியை வைத்துத்தான் எம்.எஸ்ஸி. வரை போனேன். லேபில் என் ரீடிங் எப்போதும் புத்தகத்தில் இருக்கிற விடைக்கு ஒத்து வரும், ஏனென்றால் ஒத்து வரும்படி மாற்றி எழுதுவேன். ஏமாற்றுகிறோம் என்றே தோன்றவில்லை. விடை முன்னாலேயே இருக்கிறது, நாம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் கேட்டார்: "எல்லாருக்கும் கொஞ்சம் மாறி வருதே, உனக்கு மட்டும் ஏம்மா அச்சா வருது? நீ என்ன நினைக்கிற?" புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். "அது இல்லம்மா, நீ என்ன நினைக்கிற?" அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அழுதேன்.

இப்போது பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பரிணாமப் பாடம் வந்தால் "பரீட்சைக்குப் படிச்சுக்கோங்க, அது போதும்" என்று சொல்லி ஒரே பீரியடில் முடித்துவிடுவேன். எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டால் தூக்கம் வரவில்லை.

படிக்கிற சபையாருக்கு ஒன்று. நான் விசுவாசத்தை விடவில்லை, இன்றும் காலையில் முழங்கால் போடுகிறேன். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கும் என்று 1931-ல் எழுதிய ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஜெபமும் கணக்கும் ஒரே மனிதருக்குள் இருக்க முடிந்திருக்கிறது. நம் வீட்டில் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன்.

காரணம் சொல்கிறேன் என்றேனே. போன மாதம் கிளாஸில் ஒரு பொடியன் கை தூக்கி, "மிஸ், நோவா பேழையில டைனோசர் ஏறுச்சா?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "அதிகமா கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். அந்தக் கை உடனே இறங்கவில்லை. முழங்கை மடங்கி, காது பக்கம் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் தலையைச் சொறிகிற மாதிரி கீழே போனது. நீயும் அப்படித்தான் செய்வாய்.

உன் கேள்விக்கு விடை இருக்கிறதுடா. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையத்துக்கு அதிர்வு நடந்தது கால் மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே அப்போது இல்லை, கரைக்குச் சொல்ல வழியும் இல்லை. அப்புறம் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் நம் நாட்டுக்கென்று ஒரு மையம் வந்தது. இரண்டரை மணி நேரம் இருந்ததே என்று பெரியவர்களும் கேட்டதால்தான் வந்தது. இதையெல்லாம் நான் தேடிப் படித்தது இந்த மாதம்தான். தெரியலடா, தேடிப் பார்க்கலாம் வா என்று அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு ஜனவரியில் கண் ஆபரேஷன். முடிந்தால் வா. முடியாவிட்டால் நீயே போன் பண்ணி அவளிடம் சொல். உனக்காக நான் சாக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அக்கா