தலைப்பாகை படம் வேண்டாம், அந்த லெட்டர போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மைமோனிடிஸ் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ஒரு யூத தத்துவ ஞானிக்கு நம்ம தமிழ் பேப்பர்ல அரை பக்கம் ஒதுக்குனதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. 1138ல ஸ்பெயின் கொர்தோபாவுல பிறந்தது, மத நெருக்கடியில குடும்பத்தோட மொராக்கோ போய் அங்கிருந்து பாலஸ்தீனம் வழியா எகிப்து வந்து சேர்ந்தது, கெய்ரோவ ஒட்டின ஃபுஸ்தாத்ல தங்கி யூத சமூகத்துக்கே தலைவரானது, எகிப்து சுல்தான் சலாவுதீனோட அமைச்சருக்கு வைத்தியம் பாத்தது, 1204ல இறந்தது, எல்லாம் சரியா இருந்துச்சு. கட்டுரையோட போட்ட படம்தான் உறுத்துது.

தாடியும் தலைப்பாகையுமா இருக்குற அந்த படம் அவர் இறந்து ஐநூறு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம், 18ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல அச்சான ஒரு புஸ்தகத்துல வந்தது. அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா கையெழுத்து இருக்கு சார். 800 வருஷத்துக்கு முன்னாடி அவரே மை தொட்டு எழுதின தாள், அடிச்சு திருத்தினது, ஓரத்துல நுணுக்கி எழுதினதுன்னு கேம்பிரிட்ஜ்லயும் ஆக்ஸ்போர்டுலயும் நியூயார்க்லயும் பத்திரமா இருக்கு. கட்டுரையில அத பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னுதான் எனக்கு வருத்தம்.

அந்த தாளெல்லாம் எப்படி பொழைச்சுதுன்னு சொல்றேன். பேப்பர் கால்ல பட்டா நாம எடுத்து கண்ணுல ஒத்திக்கிறோம் இல்லையா, அதே மாதிரி யூதர்கள் கடவுள் பேர் எழுதின தாள கிழிச்சு போட மாட்டாங்க. அதுக்குன்னு ஒரு அறையில போட்டு வச்சு அப்புறமா மண்ணுல புதைப்பாங்க, அந்த அறைக்கு பேரு கெனிசா. நம்ம ஊர்ல பழைய ஏட்டை பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஆத்துல விட்டாங்க, போனது போனதுதான். ஃபுஸ்தாத்ல பென் எஸ்ரா ஜெப ஆலயத்துல போட்டதுல பெரும்பகுதி புதைக்காமலே கிடந்துச்சு. ஏணி வச்சு ஏறி சுவத்துல இருக்குற ஓட்டை வழியா உள்ள தள்ளுவாங்களாம், எகிப்து காத்துல ஈரம் கிடையாது, அதனால நூத்துக்கணக்கான வருஷமா மக்காம அப்படியே இருந்துருக்கு. சாமி விஷயம் மட்டும் இல்ல, கடை கணக்கு, கல்யாண பத்திரம், கடன் சீட்டு, பசங்க எழுத்து பழகின தாள் எல்லாமே உள்ள போயிருக்கு. 1896 கடைசியில சாலமன் ஷெக்டர்னு கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருத்தர் கெய்ரோ போய் அங்க இருந்த தலைமை குருகிட்ட அனுமதி வாங்கி, அந்த தூசியில வாரக்கணக்குல உக்காந்து பிரிச்சு எடுத்து அனுப்பினார், இன்னிக்கு கேம்பிரிட்ஜ்ல மட்டும் 1,93,000 துண்டு இருக்கு. அவருக்கு முன்னாடியே வியாபாரிங்க கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டதால ஒரே புஸ்தகத்தோட ஏடுங்க ஊர் ஊரா பிரிஞ்சு கிடக்கு.

அந்த குவியல்லதான் மைமோனிடிஸ் கையும் கலந்து கிடந்துச்சு. யூத சட்டம் மொத்தத்தையும் 14 பாகமா தொகுத்தாரே, அச்சுல பாத்தா ஒரு சொல்ல கூட அசைக்க முடியாதுன்னு தோணும். அதோட வரைவு ஏடுகள பாருங்க, எழுதினத அடிச்சிருக்கார், மறுபடி எழுதியிருக்கார், அதையும் மாத்தி ஓரத்துல வேற எழுதியிருக்கார். அப்புறம் ஜனங்க அனுப்பின கேள்வி தாளுங்க. பாகப்பிரிவினை, விவாகரத்து, வியாபார தகராறுன்னு நீளமா எழுதி கேப்பாங்க, இவர் அதே தாள்ல கீழ ரெண்டு மூணு வரியில பதில் சொல்லி "மோசே எழுதினான்"னு முடிச்சிருவார், மோசேங்கறதுதான் அவரோட சொந்தப் பேர். பட்டம் கிடையாது, பதவி கிடையாது. 1168ல சிலுவைப்போர் படை எகிப்துல பில்பைஸ்ங்கற ஊர பிடிச்சு ஆளுங்கள கைதியா கொண்டு போனப்ப, மீட்க பணம் வேணும், ஊர் ஊரா வசூல் பண்ணுங்கன்னு கையெழுத்து போட்டு லெட்டர் அனுப்பியிருக்கார், அதுவும் கெனிசாவுல கிடைச்சதுதான். 2023ல கூட கேம்பிரிட்ஜ்ல அவர் கைப்பட எழுதின ஒரு துண்டு அடையாளம் தெரிஞ்சது, அதுல என்னன்னா நிறம், ருசி, வாசனை, சாப்பாட்டு சாமான்னு சாதாரண சொல்லுங்க, அரபி சொல்லும் அதுக்கு கீழ ஸ்பெயின்ல ஜனங்க பேசின மொழிச் சொல்லும். சின்ன வயசுல விட்டுட்டு வந்த ஊரோட பேச்ச உக்காந்து எழுதி வச்சிருக்கார்.

இத்தனையிலயும் நான் முக்கியமா சொல்ல வந்தது அவர் எழுதாத ஒரு தாள பத்தி. அவர் தம்பி தாவீது எழுதின லெட்டர். 1170 வாக்குல எழுதினது, இப்ப கேம்பிரிட்ஜ்ல இருக்கு.

தாவீது வியாபாரி. தம்பி சம்பாதிச்சு போட்டதாலதான் அண்ணன் நிம்மதியா உக்காந்து படிக்கவும் எழுதவும் முடிஞ்சது. நைல் கரையில கூஸ்னு ஒரு ஊரு, அங்கிருந்து பாலைவனம் தாண்டி செங்கடல் கரை அய்தாப் துறைமுகத்துக்கு போகணும். (இதே கரையில இன்னும் வடக்க குசைர் அல் காதிம்ல தமிழ் பிராமி எழுத்துல கணன், சாதன்னு பேர் எழுதின பானை ஓடு கிடைச்சிருக்கு, அது இவங்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தினது.) எல்லாரும் கூட்டமா ஒட்டகத்துல போவாங்க, தாவீதும் இன்னொருத்தரும் மட்டும் தனியா கிளம்பிட்டாங்க. அறியாமையில பண்ணிட்டேன், நடுவழியில வருத்தப்பட்டோம், ஆனா அப்ப திரும்பவும் முடியலன்னு எழுதுறார். எப்படியோ தப்பிச்சு அய்தாப் வாசல்ல மூட்டைய இறக்கிக்கிட்டு இருக்குறப்ப பின்னாடி அந்த கூட்டம் வந்து சேருது, வழியில கொள்ளை போயி அடிபட்டு, சில பேர் தாகத்துலயே செத்தும் போயிருக்காங்க. சரி வந்தாச்சு, சரக்கு வாங்கலாம்னு பாத்தா நீலச்சாய அவுரிய தவிர ஒண்ணுமே வரல. வெறுங்கையோட திரும்ப மனசில்ல. பாலைவனத்துலயே தப்பிச்சாச்சு, கடல் என்ன பெருசுன்னு இந்தியாவுக்கு கப்பல் ஏற முடிவு பண்ணிட்டார்.

பண்ணிட்டு அண்ணனுக்கு சமாதானம் சொல்றார் பாருங்க, அங்கதான் எனக்கு தாங்கல. கவலப்படாத, பாலைவனத்துல காப்பாத்தினவன் கடல்லயும் காப்பாத்துவான்னு சொல்றார். வீட்டுல சின்னவளையும் அவ அக்கா தங்கச்சியையும் தேத்து, பயமுறுத்தாதன்னு சொல்றார். நீ இத செய்னு ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல, உன் நல்லதுக்காக நானாத்தான் செய்யறேன்னும் சொல்றார். இந்த லெட்டர் உன் கைக்கு வர்றப்ப நான் பாதி வழிக்கு மேல போயிருப்பேன்னு எழுதி, ஒட்டக கூட்டம் கிளம்பப் போகுதுன்னு அவசரமா முடிச்சிட்டார். அவர் எழுதினதுல நமக்கு கிடைச்ச கடைசி லெட்டர் இதுதான்.

தாவீது இந்தியப் பெருங்கடல்ல மூழ்கிட்டார். தன்னோட பணம், அண்ணன் பணம், அடுத்தவங்க பணம் எல்லாம் கூடவே போச்சு. அந்த சேதி வந்த அன்னிக்கு படுத்த மைமோனிடிஸ் ஒரு வருஷம் வரைக்கும் காய்ச்சலும் மனக்கலக்கமுமா படுக்கையில கிடந்திருக்கார். எட்டு வருஷம் கழிச்சு யாப்பேத்னு ஒரு நண்பருக்கு எழுதின லெட்டர்ல இத அவரே சொல்றார். என் மடியில வளர்ந்தவன், எனக்கு தம்பி, எனக்கு மாணவன், அவன பாக்குறதுதான் என் சந்தோஷம்னு எழுதிட்டு, இப்பவும் அவன் கையெழுத்தையோ அவன் லெட்டரையோ பாத்தா நெஞ்சு புரண்டு போகுது, துக்கம் திரும்ப முழிச்சிக்குதுன்னு சொல்றார். அதுக்கப்புறம் குடும்பத்துக்காக வைத்தியத்தையே முழு தொழிலா எடுத்துக்கிட்டு, 1190 வாக்குல 'குழம்பியவர்களுக்கான வழிகாட்டி'ங்கற அந்த பெரிய தத்துவ நூலையும் எழுதி முடிச்ச மனுஷன் இவர்.

எங்க தாத்தா வீட்டு கூடத்துல ஒரு கம்பி தொங்கும். வர்ற கார்டு கவர் எல்லாம் அதுல குத்தி வச்சிருப்பாங்க. கீழ பழுப்பு நிறம், மேல வர வர வெள்ளை, நடுநடுவுல நீலமா ஏர்மெயில் தாள், அது பினாங்கு போன சின்ன தாத்தா எழுதினது. அவர் அங்கயே இறந்துட்டார்னு தந்தி வந்தப்புறம் தாத்தா அந்த கம்பி பக்கமே போனதில்லன்னு பாட்டி சொல்வாங்க. வீட்ட இடிச்சு கட்டுறப்ப கம்பியோட சேத்து எடைக்கு போட்டுட்டோம், அப்ப எனக்கு பத்தொம்பது வயசு, தராசு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தாவீது லெட்டர முதல் தடவை கம்ப்யூட்டர் திரையில பாத்தப்ப எனக்கு அந்த கம்பிதான் ஞாபகம் வந்துச்சு. யூத எழுத்துல எழுதின அரபி, எனக்கு ஒரு எழுத்து கூட படிக்க வராது, இருந்தாலும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதனால ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. கேம்பிரிட்ஜ் நூலகம் கெனிசா தாள்கள படம் எடுத்து இணையத்துல எல்லாரும் பாக்குற மாதிரி போட்டிருக்காங்க, அச்சுல போடணும்னா எழுதி கேட்டு அனுமதி வாங்கலாம். மைமோனிடிஸ் பத்தி அடுத்து எப்ப போட்டாலும் அந்த தலைப்பாகை படத்த எடுத்துட்டு இந்த தாள போடுங்க. ஓரம் வெட்டாம, முழுசா, கொஞ்சம் பெருசாவே போடுங்க. கீழ விளக்கமும் நீளமா வேண்டாம், "அய்தாப் துறைமுகத்திலிருந்து தம்பி தாவீது, அண்ணன் மோசேக்கு எழுதியது"ன்னு இருந்தா போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்