தடி எந்தக் கையில்?

ஆசிரியருக்கு,

பக்கவாதத்திலிருந்து மீண்டு நடக்கப் பழகுபவர்கள் பலர், பாதித்த காலுக்குத் துணை என்று அந்தப் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். தடி நல்ல கையில் இருக்க வேண்டும். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரமே தடிக்குச் சரி. முதலில் தடி, அடுத்து பாதித்த கால், பிறகு நல்ல கால். படி ஏற நல்ல கால் முன்னே. இறங்கப் பாதித்த கால் முன்னே.

டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் நிலைப்படி உயரம். பாதம் தூக்காதவருக்குப் பெருவிரல் அதில்தான் தட்டும். ரப்பர் செருப்பும் கழன்றுவிடும். குதிகாலில் வார் உள்ளதே நல்லது. தடியின் அடி ரப்பர் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும். பாசி படிந்த படித்துறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நடைக்கு முன் உட்கார்ந்து எழும் பயிற்சி வேண்டும். பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, நன்றாக முன்னே சாய்ந்து, 10 முறை எழ வேண்டும். பாதித்த பாதம் சற்றுப் பின்னே இருந்தால்தான் அந்தக் கால் எடை தாங்கும். இல்லையேல் நல்ல காலே முழு வேலையையும் செய்துவிடும். உதவுபவர் பாதித்த பக்கம் நின்று இடுப்பைப் பிடிக்கட்டும். கையை இழுத்தால் தோள்மூட்டு விலகும்.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. முன்னேற்றம் தெரிய, வருபவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்பதை மாதந்தோறும் நோயாளியின் நோட்டில் எழுதிக் கொடுத்தால் நல்லது.

- இயன்முறை மருத்துவர்கள் சிலர், மன்னார்குடி