சாயத் தண்ணீருக்கு ஈடாக உறையவைத்த பழம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சாயமும் சீனியும் கலந்த தண்ணீரைச் சிறு பைகளில் கட்டி உறையவைத்துப் பாடசாலை வாயில்களில் விற்கும் ஐஸ் பக்கெட்டுகளைத் தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால், நண்பகல் வெயிலில் தேயிலை மலைகளுக்கிடையே நடந்து வீடு திரும்பும் பிள்ளைக்குக் குளிர்ச்சியாக எதையேனும் சுவைக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதைச் சொல்லாமல் தடையைப் பற்றி மட்டும் பேசினால், பிள்ளை அடுத்த சந்தியில் அதையே வாங்கும். மலையகப் பாடசாலை ஒன்றில் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில், அந்த ஈடு நமது வீட்டுத் தோட்டங்களிலேயே பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, எடுத்துச்சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலையகத்தில் பழத்துக்குப் பஞ்சமில்லை. பதுளை, பசறை, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற தாழ்ந்த பகுதிகளில் வாழையும் பப்பாசியும் விளைகின்றன. பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் ஆனைக்கொய்யாவும் (அவகாடோ) பேரிக்காயும் உண்டு. நுவரெலியாவின் குளிரில் ஸ்ட்ரோபெரியும் மரத்தக்காளியும் காய்க்கின்றன. கொய்யாவும் கொடித்தோடையும் (பேஷன் பழம்) தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பின்புறத்திலும் வேலியோரத்திலும் தாமாகவே வளர்கின்றன. குறை என்னவென்றால், இவை ஒரே சமயத்தில் பழுத்துவிடுகின்றன. ஒரு குலை வாழைப்பழம் மூன்று நான்கு நாட்களில் முழுவதும் கனிந்துவிடும்போது, ஒரு குடும்பத்தால் அதை உண்டு தீர்க்க முடிவதில்லை. தோல் கறுத்த பழத்தைப் பிள்ளைகளும் தொடுவதில்லை. உறையவைப்பதற்கு மிகவும் ஏற்றதோ அந்தக் கனிந்த பழம்தான். குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மழுங்கச் செய்வதால், அரைப்பழமாக உறையவைத்தது சப்பென்றிருக்கும். நன்றாகக் கனிந்த பழத்தில் மாப்பொருள் பெரும்பாலும் சீனியாக மாறிவிட்டிருப்பதால், உறைந்த பின்னரும் அதன் இனிப்பு நாவுக்குத் தெரியும். வேறு சீனி தேவைப்படாது.

சீனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் நம் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்ற நிறக் குறியீடு இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வீதியில் கட்டி விற்கப்படும் ஐஸ் பக்கெட்டில் எந்தக் குறியீட்டையும் நாம் காண்பதில்லை. அது சிவப்பு நிறப் பானத்தின் அளவுக்கே இனிப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 150 மில்லிலீற்றர் கொண்ட ஒரு பக்கெட்டில் 16 கிராமுக்கு மேற்பட்ட சீனி, அதாவது நான்கு தேக்கரண்டி, இருக்கும். சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி நாளொன்றுக்குத் தேவைப்படும் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், அதை 5 வீதத்துக்குக் குறைத்தால் மேலும் நன்மை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வழிகாட்டியது. நாளொன்றுக்கு 1,500 கிலோகலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்கு அந்த 5 வீதம் என்பது ஏறத்தாழ 19 கிராம் மட்டுமே. ஒரே பக்கெட்டில் அது அநேகமாக முடிந்துவிடுகிறது; காலையிலும் மாலையிலும் தேநீரில் போடும் சீனியை இனித்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த வழிகாட்டலில் முழுப் பழத்தில் இயற்கையாக உள்ள சீனி கட்டுப்படுத்த வேண்டியதாகக் கருதப்படவில்லை. ஆனால் பிழிந்தெடுத்த பழச்சாற்றில் உள்ளதும் தேனில் உள்ளதும் கருதப்படுகின்றன. தேன் சேர்த்தால் கேடில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக உள்ளதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை எந்த வடிவிலும் கொடுக்கவே கூடாது. அதேபோல, பழத்தைப் பிழிந்து வடித்துச் சக்கையை வீசிவிட்டுச் சாற்றை மட்டும் உறையவைப்பதும் பயனற்றது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். தோலில் கரும்புள்ளி விழுந்த கோழிக்குட்டு வாழைப்பழத்தையோ ஆம்புல் வாழைப்பழத்தையோ உரித்து, விரற்கடை அகலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு சில்வர் தட்டில் பரப்பிப் பிரீசருக்குள் வைக்க வேண்டும். வெட்டியவுடன் மேலே சில துளி எலுமிச்சைச் சாறு தெளித்தால் பழம் கறுப்பது மட்டுப்படும். துண்டுகள் கல்லாக இறுகிய பிறகு அவற்றை மூடியுள்ள பாத்திரத்தில் கொட்டி வைத்துக்கொண்டால், வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம்; முதலிலேயே குவியலாக வைத்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். அத்துண்டுகளைப் பிளெண்டரில் இட்டு, இடையிடையே நிறுத்திக் கிளறி அரைத்தால், முதலில் பொடியாக உதிர்ந்து, பின்னர் திடீரென்று திரண்டு, பாலோ கிறீமோ சேர்க்காமலேயே ஐஸ்கிறீம் போன்ற பதம் வரும். வாழைப்பழத்திலுள்ள பெக்டினும் நாரும் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் பனித்துகள்கள் நுண்ணியவையாகவே இருக்கின்றன. மிகுந்த நீர்ச்சத்துள்ள வத்தகப்பழத்தை இவ்வாறு அரைத்தால் நறநறவென்றுதான் இருக்கும். பிளெண்டர் இல்லாத வீட்டில் பழத்தை முதலிலேயே முள்ளுக்கரண்டியால் நன்கு மசித்து, உறைந்துவரும் வேளையில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் ஏறக்குறைய அதே பதம் கிடைக்கும்.

இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றப் பழங்களைச் சேர்க்கலாம். பப்பாசி தனியாக உறைந்தால் சுவை தட்டையாக இருக்கும். ஒரு கொடித்தோடையின் உள்ளீட்டை விதையோடு அதில் கலந்தால் அந்தப் புளிப்பு பப்பாசியின் சுவையைத் தூக்கிவிடும். என் மாணவிகள் பெரிதும் விரும்புவது இந்தக் கலவையைத்தான். ஆனைக்கொய்யாவில் கொழுப்பு இருப்பதால் அது உறைந்த பின்னரும் மென்மையாக இருக்கும். நாம் வழக்கமாகச் சீனியும் டின்பாலும் விட்டுப் பிசையும் அப்பழத்தை, கனிந்த வாழைப்பழத்தோடும் சிறிது எலுமிச்சைச் சாற்றோடும் மசித்துப் பாருங்கள். ஸ்ட்ரோபெரியைத் தயிரோடு கலக்கலாம். அன்னாசியில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. சூடாக்காத அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் என்ற நொதியம் இருப்பதால், அதைத் தயிரோடோ பாலோடோ கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசந்துவிடும். உறையவைப்பதால் அந்த நொதியம் அழிவதில்லை. ஆகவே அன்னாசித் துண்டுகளை நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்கி, ஆறிய பின்னரே தயிரில் சேர்க்க வேண்டும். பப்பாசியையும் தயிரையும் கலப்பதாக இருந்தால் உடனே உறையவைத்துச் சில நாட்களுக்குள் உண்டுவிடுவது நல்லது.

குச்சியில் பிடித்து உண்ணும் ஐஸ்பழமாக வேண்டுமென்றால் அச்சு வாங்கத் தேவையில்லை. கழுவிக் காயவைத்த யோகட் கோப்பையோ சிறிய சில்வர் டம்ளரோ போதும். கலவை பாதி இறுகியதும் குச்சியை நட்டால் அது சாயாமல் நிற்கும். எடுக்கும்போது கோப்பையின் வெளிப்புறத்தைச் சில வினாடிகள் தண்ணீரில் பிடித்தால் பழம் கழன்றுவரும். சீனி நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதும் கடை ஐஸ்கிறீம் மென்மையாக இருப்பதற்கு ஒரு காரணம். சீனி சேர்க்காத நம் பழம் அதைவிடக் கடினமாக இருக்குமாகையால், ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உறைந்த கட்டித் துண்டுகளையும் முழுத் திராட்சையையும் கொடுக்கலாகாது. அவை தொண்டையில் சிக்கும். கரண்டியால் சுரண்டி ஊட்டுவதே பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சுத்தம். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. குளிரில் பற்றீரியாக்கள் பெருகாமல் நிற்குமேயன்றி எல்லாம் அழிவதில்லை. மஞ்சள் காமாலையை ஏற்படுத்தும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரசோ உறைபனியிலும் தாக்குப்பிடிக்கும். 2013ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் உறைந்த பெரிப்பழங்கள் மூலம் அந்நோய் பரவியது. வளர்ந்த நாடுகளிலேயே இப்படியென்றால், ஓடையிலிருந்தும் பீலியிலிருந்தும் நேரடியாக நீர் பிடிக்கும் நம் தோட்டங்களில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பழத்தை வெட்டுவதற்கு முன் தோலோடு கழுவுங்கள். கலவைக்கு நீர் சேர்ப்பதானால் கொதித்தாறிய நீரையே சேருங்கள். கத்தி, பலகை, கை மூன்றையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மின்வெட்டினால் முற்றாக உருகிப்போனதை மறுபடி உறையவைக்காதீர்கள். பிரீசர் மறை 18 பாகை செல்சியஸில் இருந்தால் பழம் ஒரு மாதமளவில் சுவை குன்றாமல் இருக்கும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் சிறிய ஐஸ் அறையில் அந்தக் குளிர் கிடைக்காதாகையால், இரவு முழுவதும் உறையவிட்டு ஒரு வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.

“இந்தக் குளிரில் ஐஸா? சளி பிடிக்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். சளி வைரஸ்களால் வருவது; பழத்தின் குளிர்ச்சியால் வருவதன்று. ஆயினும் அவர்களின் சொல்லை நான் அலட்சியம் செய்யவில்லை. துகள் உறைபனி விழும் நுவரெலியாவின் தை மாதக் காலையில் ஐஸ்பழம் தேவையில்லை. ஏற்கெனவே இருமலோ இழுப்போ உள்ள பிள்ளைக்கு அதைத் தள்ளிவைப்பதும் சரியே. மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் கொடுப்பதுதான் எல்லா வகையிலும் பொருத்தம். அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் சி துணைசெய்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேலும், பப்பாசியில் ஏறத்தாழ 60 மில்லிகிராமும் விற்றமின் சி உண்டு; உறையவைப்பதால் அதன் பெரும்பகுதி கெடுவதில்லை. சோற்றுக்குப் பின் பிள்ளைக்கு வெறுந்தேநீர் ஊற்றிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தத் தேநீர் இருக்கும் இடத்தில் ஒரு கிண்ணம் உறைந்த கொய்யாக் கூழோ பப்பாசியோ இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17 வீதமாக இருக்க, பெருந்தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 வீதமாக இருந்தனர். உறையவைத்த பழத்தால் இந்த நிலை மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முட்டையும் பாலும் பருப்பும் வேண்டும், நல்ல குடிநீர் வேண்டும், தாய்க்குப் போதிய சம்பளம் வேண்டும். ஆனால் இத்தகைய நிலையிலுள்ள பிள்ளையின் வயிற்றைச் சத்தற்ற சாயத் தண்ணீர் நிரப்புவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் நம் தோட்டங்களில் ஏராளம் என்பதை அறிவேன். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அயலவர்கள் முறைவைத்துப் பழம் கொண்டுவந்து சேர்த்துச் செய்யலாம். பெட்டியுள்ள பிள்ளைக் காப்பகங்களில் பொறுப்பாளர்கள் இதைத் தொடங்கலாம். விசேட நாட்களில், உடைத்த ஐஸ்கட்டியில் மூன்றுக்கு ஒரு பங்கு உப்பைக் கலந்து வாளியில் நிரப்பி, அதன் நடுவே இறுக மூடிய சில்வர் பாத்திரத்தில் பழக்கூழை வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாலும் அது உறையும். உப்பு கலந்த ஐஸ் சாதாரண ஐஸைவிட மிகவும் குளிர்ந்துவிடும் என்பதே அதன் காரணம். உப்புநீர் மட்டும் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஐஸ் பக்கெட் விற்பவர்களைப் பற்றி. அவர்களும் நம்மைப் போன்ற ஏழைகள்தாம். விரட்டிவிட்டால் அவர்களின் அடுப்பு அணையும். பாடசாலை அதிபர்களும் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் அவர்களை அழைத்துப் பேசி, கொதித்தாறிய நீரில், சாயமும் சீனியும் இல்லாமல், பழத்தைக் கொண்டே ஐஸ்பழம் செய்ய வழிகாட்டி, அதற்கு இணங்குபவர்களுக்குப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலேயே இடமளிக்கலாம். இதற்கு முன்வரும் பாடசாலைகளின் மாணவிகளுக்குச் செய்முறையைக் கற்பித்துக்கொடுக்க என் போன்ற மனைப்பொருளியல் ஆசிரியைகள் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் பத்திரிகையும் மகளிர் பக்கத்தில் பருவத்துக்குரிய பழங்களைக் கொண்டு செய்யும் முறைகளை வெளியிட்டு உதவ வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.