காற்றில் இருக்கும் பழைய சேமிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த மரம் வளர்ப்புக் கட்டுரை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காடுகள் அழிந்தால் சில ஆண்டுகளிலேயே ஆக்சிஜன் தீர்ந்து மூச்சுத் திணறும் நிலை வரும் என்று அதில் எழுதப்பட்டிருந்ததைப் படித்தபோது, முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நாம் இன்று சுவாசிக்கும் ஆக்சிஜனை மரங்களின் இவ்வாண்டு விளைச்சல் என்று கருதுவது பிழை. அது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கும் இருப்பு. இதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் வேறொன்றுக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு தலைமுறையை உருவாக்கிவிடுவோம்.

பூமி சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அப்போது அதைச் சூழ்ந்திருக்கக்கூடிய ஹைட்ரஜனும் ஹீலியமும் மிக இலேசானவை என்பதால் விண்வெளிக்குத் தப்பிச் சென்றுவிட்டன. பின்னர் உருகிய பாறைக் குழம்பிலிருந்தும் எரிமலை வாய்களிலிருந்தும் நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன், கந்தக வாயுக்கள் ஆகியவை வெளிவந்து புதியதொரு வளிமண்டலத்தை உண்டாக்கின. பூமி குளிர்ந்தபோது நீராவி மழையாகிக் கடலானது. கரியமில வாயுவின் பெரும்பகுதி நீரில் கரைந்து, காலப்போக்கில் சுண்ணாம்புப் பாறையாகப் படிந்தது. எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன் காற்றிலேயே தங்கிவிட்டதால்தான் இன்று அது 78 விழுக்காடாக இருக்கிறது. 0.93 விழுக்காடாக உள்ள ஆர்கான்கூடப் பாறைகளிலுள்ள பொட்டாசியத்தின் கதிரியக்கச் சிதைவால் பிறந்து, மெல்லக் கசிந்து சேர்ந்ததே. இந்த வரிசையில் ஆக்சிஜன் எங்கும் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எந்த எரிமலையும் ஆக்சிஜனைக் கக்குவதில்லை.

அக்காலக் காற்றை இன்று யார் போய்ப் பார்த்தது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். மிகச் சரியான கேள்வி அது. பாறைகளே சாட்சி என்பதே அதற்கு விடை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில், சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்து வந்து சேர்த்த கூழாங்கற் படிவுகளில் பைரைட், யுரேனினைட் என்னும் கனிமங்களின் உருண்ட மணிகள் கிடைக்கின்றன. ஆக்சிஜன் உள்ள காற்றும் நீரும் பட்டால் பைரைட் துருப்பிடித்துச் சிதையும், யுரேனினைட் கரைந்துபோகும். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டும் அவை அழியாமல் இருந்தன என்றால், அந்த ஆற்றின்மேல் வீசிய காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே பொருள். இதனினும் நுட்பமான சான்று கந்தகத்தில் கிடைத்தது. ஜேம்ஸ் ஃபார்குவார் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பழம்பாறைகளிலுள்ள கந்தக ஐசோடோப்புகளில், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகளில், வழக்கத்துக்கு மாறான ஒரு விகிதம் காணப்படுகிறது. ஆக்சிஜனும் ஓசோன் படலமும் இல்லாத வானத்தில், புற ஊதாக் கதிர்கள் கந்தக வாயுவைப் பிளக்கும்போது உண்டாகும் தடயம் அது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் தெளிவாகத் தெரியும் அத்தடயம், அதற்குப் பிந்தைய பாறைகளில் மறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் நிலைபெற்ற காலத்தை இதைக் கொண்டே கணிக்கிறார்கள்.

அந்த ஆக்சிஜனைத் தந்தவை மரங்கள் அல்ல. மரங்கள் தோன்றி 40 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத சயனோபாக்டீரியா என்னும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள்தாம் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் ஒளிச்சேர்க்கையை முதன்முதலில் கைக்கொண்டன. ஆனால் அவை வெளிவிட்டது உடனே காற்றுக்கு வந்து சேரவில்லை. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பும், எரிமலை வாயுக்களும் அதை நெடுங்காலம் உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரும்பு ஆக்சைடாகிக் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த பட்டை இரும்புப் பாறைகள் அந்தக் காலத்தின் நினைவுச்சின்னங்கள். ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைத்தொடரை இதற்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் காட்டும். சேலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. சித்தர் கோவில் அமைந்திருக்கும் கஞ்சமலையில் காந்த இரும்பும் குவார்ட்சும் மாறி மாறிப் பட்டைகளாகக் கிடக்கும் பாறை, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பின்னர் பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய அதே வகைப் படிவுதான். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, பாறையில் ஒரு காந்தத்தை ஒட்டிக் காட்டி, பூமி மூச்சுக் காற்றைப் பெறுவதற்கு முந்தைய காலம் இந்தக் கல்லில் இருக்கிறது என்று சொன்ன நாட்களை நான் மறக்கவில்லை.

இனி, கட்டுரையாளர் தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். ஜோசப் பிரீஸ்ட்லி 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றை ஒரு சாடியில் அடைத்து, அதனுள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். பத்து நாட்கள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் நன்றாக எரிந்தது. செடி காற்றைப் புதுப்பிக்கிறது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. நம் பாடநூல்களும் இதோடு நிறுத்திவிடுகின்றன. அந்தப் புதினாவை அதே சாடியில் வாடி அழுகிப்போக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வளரும்போது அது வெளிவிட்ட ஆக்சிஜன் முழுவதையும் அழுகும்போது நுண்ணுயிர்கள் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு காட்டிலும் இதுவே நடக்கிறது. இலை உதிர்கிறது, மரம் விழுகிறது, கறையானும் பூஞ்சையும் அவற்றைத் தின்கின்றன. முதிர்ந்த காட்டின் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. உயிர்ப்பொருளில் மிகச் சிறு பங்கு அழுகாமல் சேற்றுக்கடியில் புதைந்துபோனால் மட்டுமே அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் மிஞ்சும். அப்படிப் புதைந்த கரிமத்தில் (கார்பனில்) பெரும்பங்கு களிமண் பாறைகளில் தூளாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு சிறு பங்கே நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் திரண்டிருக்கிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், சதுப்புக் காடுகள் பெருமளவில் புதைந்த காலத்தில், ஆக்சிஜன் அளவு 30 விழுக்காடு வரை உயர்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு அடிக்கும் மேல் சிறகு விரித்த, தும்பி போன்ற பூச்சிகள் அக்காலத்தில்தான் பறந்தன.

2019ஆம் ஆண்டு அமேசான் காடு எரிந்தபோது, உலகின் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அக்காடே தருகிறது என்று பிரான்ஸ் நாட்டு அதிபர் மக்ரோன் சமூக ஊடகத்தில் எழுதினார். நம் ஊர்ச் செய்திகளிலும் அது அப்படியே வந்தது. கணக்கைப் பார்ப்போம். வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 1,200 லட்சம் கோடி டன். உலகின் நிலத் தாவரங்கள் அனைத்திலும் சேர்ந்துள்ள கரிமம் சுமார் 45,000 கோடி டன். எல்லாக் காடுகளையும், எல்லாப் புல்லையும், எல்லாப் பயிரையும் ஒரே நாளில் எரித்துச் சாம்பலாக்கினாலும், அதற்குச் செலவாகும் ஆக்சிஜன் 1.2 லட்சம் கோடி டன் அளவே இருக்கும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 20.95 விழுக்காடு 20.93 ஆகும். சென்னையிலிருந்து உதகைக்குப் போகும் ஒருவருக்கு, காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகளில் ஆக்சிஜன் கிடைக்காமல் உயிர்கள் போன துயரத்தை, மரங்களை வெட்டியதன் விளைவு என்று பலர் பேசினார்கள். அன்று காற்றில் ஆக்சிஜன் குறையவில்லை; காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, ஆக்சிஜனைத் தனியே பிரித்து, உருளைகளில் நிரப்பி உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் வசதிதான் போதவில்லை. அதேபோல, அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்பதும் உண்மையன்று. ஒளி இல்லாமல் எந்த மரமும் நீரைப் பிளந்து ஆக்சிஜனைத் தர முடியாது.

அப்படியானால் காடு எரிந்தால் கவலையில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மிகுந்த கவலைக்கு உரியது. முன்சொன்ன அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். அத்தனை தாவரங்களும் எரிந்து, அந்தக் கரிமம் முழுவதும் காற்றிலேயே தங்கினால், கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 200 பங்குக்கு மேல் கூடும். ஆக்சிஜன் பெருங்கடல் போன்ற இருப்பு. கரியமில வாயுவோ 0.04 விழுக்காடு என்னும் கையளவு இருப்பு. கையளவு இருப்பில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அதன் விளைவு பெரிது. தொழிற்புரட்சிக்கு முன் அது பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளின்படி, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் ஆக்சிஜனை அளந்து வருகிறார். அதுவும் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 4 பங்கு என்ற அளவில் குறைந்துகொண்டுதான் வருகிறது. அந்தக் குறைவு நம் மூச்சைப் பாதிக்காது. ஆனால் கூடும் கரியமில வாயு பழைய கரிமத்தை எரிப்பதால் வருகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கும்போது, முன்பொரு காலத்தில் புதைந்த தாவரங்களின் கணக்கை நாம் திருப்பி எழுதுகிறோம். அரியலூரில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் சிப்பிகளோடு படிந்த சுண்ணாம்புப் பாறையைச் சிமென்ட் சூளையில் சுடும்போதும் அப்படியே. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு காற்றுக்குத் திரும்புகிறது. சுண்ணாம்புப் பாறையாக அந்த வாயு பூட்டி வைக்கப்பட்டதால்தான் பூமி வெள்ளிக் கோளைப்போல ஆகாமல் தப்பியது. அங்கே காற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல் கரியமில வாயு, தரையின் வெப்பநிலை 460 டிகிரி செல்சியஸ்.

மரம் நடுவதற்கு உண்மையான காரணங்கள் நிறையவே உள்ளன. நிழல், மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேர், பறவைகளுக்கு இடம், கரிமத்தைச் சில பத்தாண்டுகளாவது தன்னுள் வைத்திருக்கும் தண்டு என்று அவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். பொய்யான ஓர் அச்சத்தின்மீது நடப்படும் மரம், அந்த அச்சம் பொய் என்று தெரியவரும் நாளில் கவனிப்பாரின்றிப் போகும் என்பதே என் வருத்தம். ஆகவே, அக்கட்டுரைக்கு ஒரு திருத்தத்தை அதே மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறும், பூமியின் காற்று எவ்வாறு உருவாகி மாறிவந்தது என்பதை நிலவியல் அறிஞர் ஒருவரைக் கொண்டு ஒரு சிறு தொடராக எழுதச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொடருக்குக் கஞ்சமலைப் பாறையின் ஒளிப்படங்கள் தேவைப்பட்டால் அனுப்பிவைக்க அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
சேலம்.