அப்பாவின் கழுத்து லைன்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்தது. அப்பா குளிர்ஜுரத்தோடு ஐசியூவில் இருக்கிறார் என்று படித்ததும் கை ஓடவில்லை. காசிமேட்டிலிருந்து நல்ல மீன் வந்தால் என் வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பாரே! (இப்போது தடைக்காலம், வஞ்சிரத்தின் பக்கமே போக முடியவில்லை.)

கழுத்தில் போட்ட லைன் (மருந்து ஏற்றும் நீளக் குழாய்) வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுமா என்று கேட்டிருந்தாய். ஏறும். அந்தக் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் இருக்கிறது. தோலில் இருக்கும் கிருமி குழாயை ஒட்டியே உள்ளே இறங்கலாம். இல்லையென்றால் மருந்து ஏற்றும் மூடி வழியாகப் போகலாம். குழாயின் உள்பக்கம் பாசி போலப் படிந்துவிட்டால் ஆன்டிபயாடிக் அவ்வளவு எளிதில் அதைத் தொடாது. அதனால்தான் சில கிருமிகள் வந்தால் லைனையே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

ஆனால் லைன்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதே. நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று எதிலிருந்தும் குளிர்ஜுரம் வரும். லைனிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பினார்களா? ஒரே கிருமி இரண்டிலும் வளர்ந்து, லைன் ரத்தத்தில் 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் சந்தேகம் லைன் மேல்தான்.

லைன் தொற்றைத் தடுக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டரின் குழு, மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்தே விஷயங்களைப் பிடிவாதமாகச் செய்ய வைத்தது: கை கழுவு, லைன் போடும்போது தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டுக்கொண்டு நோயாளியைக் கிருமி நீக்கிய துணியால் தலை முதல் கால் வரை மூடு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைத் துடை, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவையில்லாத லைனை எடு. மூன்று மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இந்தத் தொற்று ஒன்றுகூட இல்லை. 2006இல் வெளியிட்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது அந்த ஐந்தும் இல்லை. டாக்டர் ஒன்றைத் தவறவிட்டால் நர்ஸ் "நிறுத்துங்க" என்று சொல்லலாம் என்று அங்கே அதிகாரம் கொடுத்திருந்தார்கள். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் தொங்கும் கண்ணோடு லைன் போடும் பிஜி (மேல்படிப்பு படிக்கும்) டாக்டரிடம் ஒரு சிஸ்டர் அப்படிச் சொல்லிவிட முடியுமா? நான் சொல்வேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, காலையில் திட்டு வாங்கப்போவது அவர்கள்தானே.

போட்ட பிறகு கவனிப்பதும் அதே அளவு முக்கியம். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் மூடியை நன்றாகத் தேய்த்துத் துடைத்துக் காயவிட வேண்டும். கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங் ஏழு நாள் தாங்கும். நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ உடனே மாற்றச் சொல். அப்புறம், ரவுண்ட்ஸில் தினமும் ஒன்று கேள்: "இந்த லைன் இன்னும் தேவையா டாக்டர்?" சண்டை போடும் குரலில் கேட்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. இந்த வாரம் நைட் டியூட்டி, மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு. அம்மாவைச் சாப்பிட வை.

அன்புடன்,
தேவி
தண்டையார்பேட்டை