கொழிஞ்சாம்பாறைப் பெரியவருக்கு நன்றி

பெயரைக்கூடச் சொல்லாமல் விடைபெற்றுச் சென்ற கொழிஞ்சாம்பாறைப் பெரியவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. 1950களில் புகழ்பெற்ற, 42 அங்குல இறக்கையுள்ள ரிங்மாஸ்டர் மாதிரி விமானத்தைக் கட்டுவதற்கான பழைய பாகத் தொகுப்பு (கிட்) எங்களிடம் வந்தபோது, இறக்கைக்கு வடிவம் தரும், பால்சா என்ற லேசான மரத்தாலான ரிப்புகளில் பல நொறுங்கிப் போயிருந்தன. ஐயா, தாங்கள் முழுதாக இருந்த ஒன்றை அச்சாக வைத்து, புதிய பால்சாத் தகட்டில் கூரிய பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தந்தீர்கள். அந்தப் பொறுமைக்கு ஈடாக எதைத் தருவது?

ரேடியோ இல்லாமல், ஓட்டுபவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும் இவ்வகை விமானத்தை, அவர் கையிலுள்ள கைப்பிடியிலிருந்து செல்லும் இரு மெல்லிய எஃகுக் கம்பிகளே ஆள்கின்றன. அவை விமானத்திலுள்ள பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோலைத் திருப்ப, அது வாலிலுள்ள எலிவேட்டர் என்ற அசையும் தகட்டை ஏற்றி இறக்கி, விமானத்தை மேலும் கீழும் செலுத்துகிறது. கம்பி தளர்ந்தால் கட்டுப்பாடு போய்விடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அஞ்சிய எங்களிடம், காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் விமானத்தை நிறுத்திக் கிளப்பச் சொல்லி, வெளிப்புற இறக்கை நுனியில் சிறு ஈயத்துண்டும் பதித்தீர்கள். பறந்த அத்தனை சுற்றிலும் கம்பி விறைப்பாகவே இருந்தது.

அறுவடை முடிந்த வயலில் அதைப் பார்த்த பிள்ளைகள் சொந்தமாக ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இதைத் தாங்கள் காண நேர்ந்தால், ஞாயிறு காலை அவசியம் வாருங்கள். கைப்பிடியைத் தாங்களே பிடிக்க வேண்டும் என்பது எங்கள் அனைவரின் விருப்பம்.